கதையில் உச்சம் எங்கே என்றால் எல்லாரும் கடைசிப் பத்தியைக் காட்டுகிறார்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். சிறுகதையின் கதைப்பின்னலை நடத்தும்போது பாடநூலில் இருக்கிற மலைப்படத்தைப் பலகையில் வரைந்து அறிமுகம், சிக்கல், வளர்ச்சி, உச்சம், தணிவு, முடிவு என்று சொல்லிக்கொடுத்தேன். கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் புதிதாக ஒரு கதையைக் கொடுத்து இதில் உச்சம் எது என்றால் பாதிப்பேர் கடைசிப் பத்தியைக் காட்டுகிறார்கள், மீதிப்பேர் யாராவது அழுகிற இடத்தையோ சண்டை போடுகிற இடத்தையோ காட்டுகிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் நடுவில் ஒரு விபத்து, கடைசியில் ‘எல்லாம் கனவு’. படத்தில் தவறா, நான் நடத்துவதில் தவறா? தேர்வில் அந்தப் படத்தைத்தான் கேட்பார்கள் என்பதால் அதை ஒதுக்கவும் முடியவில்லை.

பதில்: வணக்கம். நடத்துவதில் பெரிய தவறு இருப்பதாகத் தெரியவில்லை, வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மாணவர்கள் கடைசிப் பத்தியைக் காட்டுவது முழுத் தவறாகத் தெரிவதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

அந்த மலை சிறுகதைக்காக வரையப்பட்டதே இல்லை. குஸ்டாவ் ஃபிரைடாக் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1863இல் நாடகக் கலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார், அதில் கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் வைத்து ஐந்து அங்க நாடகம் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று காட்டப் போட்ட முக்கோணம் அது. அதில் உச்சம் நடுவில் இருக்கும், ஏனென்றால் ஐந்து அங்கத்தில் மூன்றாவது அங்கத்தில்தான் நாயகனின் விதி திரும்பும், மீதி இரண்டு அங்கமும் அவன் சரிவதைக் காட்டுவதற்கு. இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிற துன்பியல் நாடகத்துக்கு அது பொருந்தும். நாலு பக்கச் சிறுகதைக்கு இறங்குமுகம் என்று ஒரு வரி இருந்தாலே அதிகம், பல நல்ல கதைகளில் அதுவும் இருக்காது, திருப்பம் வந்த கையோடு கதை முடிந்துவிடும். அதனால் பையன் கடைசிப் பத்தியைக் காட்டினால் அவன் பாதி சரி. அவனிடம் கேட்க வேண்டியது ‘ஏன் அது?’ என்பதுதான். ‘கடைசியில் இருக்கிறதே சார்’ என்றால் அவன் ஊகிக்கிறான். ‘இதுக்கப்புறம் அவள் மாற முடியாது’ என்றால் உங்கள் வேலை முடிந்துவிட்டது, அவன் பெயர் தெரியாமலேயே உச்சத்தைப் பிடித்துவிட்டான்.

சரி, எங்கே தொடங்குவது? பெயர்களை எல்லாம் ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு ‘அதனால்’ என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் கொடுத்த எடுத்துக்காட்டு இன்றைக்கும் வகுப்பறைக்கு அப்படியே உதவும்: அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது வெறும் கதை, அரசன் இறந்தான், அந்தத் துயரத்தில் அரசி இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். இரண்டிலும் அதே இரண்டு சாவுதான், நடுவில் ஒரு காரணம் வந்து உட்கார்ந்ததும் இரண்டு செய்தியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இதைச் சொல்லிவிட்டு மாணவர்களிடம் நேற்று நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். எழுந்தேன், அப்புறம் குளித்தேன், அப்புறம் பள்ளிக்கு வந்தேன் என்று வரும். அந்த ‘அப்புறம்’களை எடுத்துவிட்டு ‘அதனால்’, ‘ஆனால்’ இரண்டை மட்டும் வைத்து அதையே சொல்ல முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியாது. முடியாமல் முழிக்கும்போதுதான் கதை எழுதுகிறவன் என்ன வேலை செய்கிறான் என்பது அவர்களுக்கு முதன்முதலாகப் புரியும்.

அடுத்தது ஒரு கதை வேண்டும். பாடநூல் கதை வேண்டாம், அதன் ‘சரியான விடை’ ஏற்கெனவே துணைநூலில் இருக்கிறது, அவர்கள் யோசிக்க மாட்டார்கள். நீங்களே ஒன்றை எட்டு வரியில் எழுதிக்கொள்ளலாம், பெரிய இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை. வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

கயலுக்குக் கணக்குத் தேர்வுத்தாள் கையில் வந்தது, 92. வகுப்பிலேயே அதுதான் அதிகம். முதல் மதிப்பெண் எடுத்தவர்தான் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போக வேண்டும் என்று ஆசிரியை சொன்னார், 88 எடுத்த மீனா கைதட்டினாள். இரவு, எங்கே எட்டு மதிப்பெண் போனது என்று பார்ப்பதற்காகக் கயல் பக்கம் பக்கமாகக் கூட்டினாள், 82 வந்தது. மறுபடி கூட்டினாள், 82. தாளை மடித்துப் பையின் அடியில் வைத்தாள். மறுநாள் மீனா, ‘நான் தப்பு பண்ணின கணக்கை நீ எப்படிப் போட்டிருக்கேன்னு பார்க்கணும், தாளைக் கொடேன்’ என்றாள், வீட்டில் வைத்துவிட்டேன் என்றாள் கயல். மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றப்போகிறேன், நாளைக்கு எல்லாரும் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார் ஆசிரியை. அன்று மாலை அப்பா கூட்டிப்பார்க்காமலே, மேலே இருந்த 92ஐ மட்டும் இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காலையில் ஆசிரியை பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கை நீட்டினார். கயல் தாளைக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு, ‘ஒரு தடவை கூட்டிப் பாருங்க மிஸ்’ என்றாள். ஆசிரியை கூட்டினார், சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தினார், ஒன்றும் சொல்லவில்லை. வெளியே மீனா நின்றிருந்தாள், ‘இன்னிக்காவது கொண்டுவந்தியா?’ என்றாள். கயல் தாளை நீட்டினாள்.

இதை ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு தாள்துண்டாக வருகிற மாதிரி வெட்டி, கலைத்து, நான்கைந்து பேர் கொண்ட குழுக்களுக்குக் கொடுங்கள். முதலில் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், அது சுலபம். அதன்பின் ஒரு துண்டை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, இது இல்லாமல் கதை நிற்கிறதா என்று கேளுங்கள். எந்தப் பகுதியை எடுத்தாலும் இடம் மாற்றினாலும் மொத்தமும் குலைந்துபோகிற மாதிரி நிகழ்ச்சிகள் இணைந்திருக்க வேண்டும், இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாதது அந்த முழுமையின் பகுதியே இல்லை என்று அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்தது இதைத்தான். மீனா தாள் கேட்கிற துண்டை எடுங்கள். கதை நிற்கிறது என்பார்கள் சிலர். நிற்கிறது, ஆனால் கயல் யாரிடமும் பொய் சொல்லவில்லை, அவள் மறைத்தது தாளை மட்டும்தான் என்றாகிவிடும், கடைசி வரியும் அந்தரத்தில் தொங்கும். பதிவேட்டுத் துண்டை எடுங்கள். அவள் என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், அவசரமே இல்லை. இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது ‘வளர்ச்சி’ என்று நாம் சொல்வது என்ன என்பது தெரிந்துவிடும். சும்மா நடந்துகொண்டே போவது வளர்ச்சி இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியும் அவளுக்கு இருந்த வழிகளில் ஒன்றை அடைக்கிறது, முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும், மீனாவிடம் பொய் சொன்ன பிறகு அப்படி முடியாது, அப்பா கையெழுத்துப் போட்ட பிறகு இன்னும் கஷ்டம். பாடங்களில் வழக்கமாக மிகச் சொற்ப நேரத்தில் தாண்டிப்போகிற பகுதி இந்த வளர்ச்சிதான், என்னைக் கேட்டால் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

இப்போது உச்சம். ‘எது உச்சம்’ என்று கேட்காமல், ‘எந்த இடத்துக்குப் பிறகு கயல் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது’ என்று கேளுங்கள். மூன்று விடை வரும், வர வேண்டும். ஒரு கூட்டம் 82 என்று கண்டுபிடித்த இடம் என்னும். அது அதிர்ச்சிதான், ஆனால் அங்கேதான் தொல்லையே ஆரம்பிக்கிறது, அதன் பெயர் சிக்கல். அதிர்ச்சியையும் உச்சத்தையும் குழப்பிக்கொள்வதால்தான் அழுகிற இடத்தையும் சண்டை போடுகிற இடத்தையும் காட்டுகிறார்கள். இன்னொரு கூட்டம் சிவப்புப் பேனா என்னும், அங்கேதானே 92 போச்சு. அவர்களிடம், பேனாவை எடுத்தது யார் என்று கேளுங்கள். ஆசிரியை. கயல் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தாகிவிட்டது, இது அதன் விளைவு. ‘கூட்டிப் பாருங்க மிஸ்’ என்று வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்பு வரைக்கும் அவள் தப்பித்திருக்கலாம், திறந்த பிறகு முடியாது.

மூன்றாவதாக ஒருவரோ இருவரோ, பெரும்பாலும் பின்வரிசையில் பேசாமல் இருக்கிறவர்கள், அப்பா கையெழுத்துப் போடுகிற இடம் என்பார்கள். தவறு என்று சொல்லிவிடாதீர்கள். மனத்துக்குள் அவள் மாறியது அங்கேயாக இருக்கலாம், கதையில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் அந்த ‘இரண்டு தடவை பார்த்துவிட்டு’ என்பது அதைத்தான் செய்கிறது. ஆனால் மனம் மாறியதை மறுநாள் காலையில் மறுபடியும் மாற்றிக்கொள்ள முடியும், சொன்னதை மாற்ற முடியாது. இந்த வாதம் இருபது நிமிடம் ஓடினாலும் ஓடட்டும். மணி அடித்த பிறகும் அவர்களுக்குள் பேசிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பெயரை அதற்குப் பிறகு சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடித்த இடத்துக்கு ஒட்டுகிற பெயர் மறக்காது.

சிக்கலைப் பற்றி ஒன்று. மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனிதனுக்கும் தனக்கும் என்று பெட்டி போட்டு நடத்துவது வழக்கம். தப்பில்லை, ஆனால் எந்தப் பெட்டி என்று எழுதியதோடு மாணவர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார். அதோடு சிக்கல் என்றாலே அவர்களுக்கு வில்லன் ஞாபகம் வரும், மேலே இருக்கிற கதையில் வில்லன் யார் என்று கேட்டால் மீனா என்று சொல்கிற பிள்ளையும் உண்டு, பாவம் மீனா. பெட்டிக்குப் பதில் மூன்று கேள்வி போதும்: இவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் என்ன போகும். கயலுக்குப் போட்டிக்குப் போக வேண்டும், மீனாவின் சிநேகிதியாகவும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பெட்டியின் பெயர் தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான்.

அறிமுகத்தை முதல் நாள் நடத்தாதீர்கள். முதலில் வருகிறது என்பதற்காக முதலில் நடத்தினால், அவர்கள் எழுதுகிற ஒவ்வொரு கதையும் ஒரு பக்கத்துக்கு ஊரும் பேரும் குடும்ப வரலாறுமாகத்தான் தொடங்கும். கடைசியில், அவர்கள் எழுதியதை வைத்தே நடத்துங்கள்: முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டு, அவர் எங்கே ‘யார் அது?’ என்று கேட்கிறாரோ அங்கே அந்தத் தகவலை மட்டும் ஓர் அரை வரியில் சேர். பெரும்பாலான முதல் பத்திகள் இந்தச் சோதனையில் காணாமல் போய்விடும்.

இனி அந்த விபத்தும் கனவும். இதற்கு ஒரே ஒரு விதி போட்டால் போதும், நான் சொல்லித்தருகிற இடங்களில் எல்லாம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: தற்செயல் ஒரு கதையைத் தொடங்கலாம், முடிக்கக் கூடாது. ஆசிரியை கூட்டலில் தவறியது தற்செயல்தான், யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் கடைசியில் மழை வந்து கயலின் தாள் நனைந்து எண்கள் அழிந்துவிட்டன என்று முடித்திருந்தால் வாசகர் புத்தகத்தை வீசுவார். முடிச்சு அவிழ்வது கதைக்குள்ளிருந்தே வர வேண்டும், மேடைக்கு மேலிருந்து கயிறு கட்டித் தெய்வத்தை இறக்கி அவிழ்க்கக் கூடாது என்பது அரிஸ்டாட்டில் காலத்துப் புகார், ‘எல்லாம் கனவு’ என்பது அந்தக் கயிற்றில் கட்டிய இன்னொரு பொம்மை. மாணவர்கள் கனவில் போய் முடிப்பதற்குக் காரணம் சோம்பல் என்று நினைக்காதீர்கள். முடிவு தெரியாமல் தொடங்குகிறார்கள், வழியில் சிக்கலைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், வெளியே வர வழி இல்லை, மணி அடிக்கப் போகிறது. ஆகவே முழுக் கதை எழுதச் சொல்வதற்கு முன் ஐந்து வாக்கியம் மட்டும் எழுதச் சொல்லுங்கள், அதில் முதலில் எழுத வேண்டியது, நாயகர் திரும்ப முடியாதபடி செய்கிற அந்த ஒரு செயல். அதிலிருந்து பின்னோக்கி, இதைச் செய்ய அவருக்கு ஏன் கஷ்டமாக இருந்தது என்று மூன்று வாக்கியம், கடைசியாக விளைவு ஒரு வாக்கியம். இந்த ஐந்தும் ‘அதனால்’, ‘ஆனால்’ போட்டுப் படித்தால் ஓட வேண்டும். ஓடினால்தான் விரித்து எழுத அனுமதி.

முடிவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு சண்டை மட்டும் வரும்: ‘போட்டிக்கு யார் போனது என்று சொல்லவே இல்லையே சார், கதை முடியவில்லை’ என்பார்கள். சிக்கல் தீர்ந்ததா என்று கேட்டால் அப்படித்தான் தோன்றும். கதை எழுப்பிய கேள்வி எது என்று கேளுங்கள். யார் போகப்போகிறார்கள் என்பதா, கயல் சொல்வாளா மாட்டாளா என்பதா? இரண்டாவது என்றால் கதை முடிந்துவிட்டது.

நடந்த வரிசையும் சொல்கிற வரிசையும் வேறு வேறு என்பதை அதே தாள்துண்டுகளை வைத்தே பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். ஆசிரியை கை நீட்டுகிற துண்டை முதலில் வைத்து, மீதியைப் பின்னோக்காகச் சொல்லிப் பாருங்கள், என்ன கூடுகிறது என்ன குறைகிறது என்று அவர்களே சொல்லட்டும்.

விடைத்தாள் திருத்தும்போது, ‘உச்சம் என்றால் என்ன, வரையறு’ என்ற கேள்விக்கு உங்கள் கையால் மதிப்பெண் போடாமல் இருந்தாலே பாதி மாற்றம் வந்துவிடும். புதிய கதை ஒன்றைக் கொடுத்து, உச்சமான ஒரு வாக்கியத்தை எடுத்தெழுதி இரண்டு காரணம் சொல் என்று கேளுங்கள். வாக்கியத்துக்கு ஒரு மதிப்பெண், காரணங்களுக்கு நான்கு. நீங்கள் நினைத்த வாக்கியம் இல்லாவிட்டாலும் காரணம் கதைக்குள்ளிருந்து வந்திருந்தால் நான்கையும் கொடுத்துவிடுங்கள். பொதுத்தேர்வு திருத்துகிறவர் அப்படிச் செய்ய மாட்டார் என்பீர்கள், உண்மைதான், அதற்கு வருகிறேன்.

எல்லாம் நன்றாகப் போனால் கடைசியில் இந்த அமைப்புக்குள் அடங்காத ஒரு கதையையும் வாசிக்கக் கொடுங்கள். மோதலே இல்லாமல், நிதானமாகத் தொடங்கி, தொடர்ந்து, எதிர்பாராத வேறொன்றை அருகில் கொண்டுவந்து வைத்து, இரண்டையும் சேர்த்து முடிக்கிற நான்கு பகுதி அமைப்பு ஒன்று ஜப்பானில் உண்டு, கிஷோதென்கெட்சு என்பார்கள், சீனத்து நாலடிக் கவிதையிலிருந்து வந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பெயர் வேண்டாம். மலை ஏறாமலும் கதை இருக்கும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும். ஆனால் இதை முதலில் கொடுத்துவிடாதீர்கள், குழம்பிப்போவார்கள்.

தேர்வுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மலைப்படத்தைக் கடைசி வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, கயல் கதையின் இறுக்கம் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று ஒரே கோட்டில் வரையச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாருடைய கோடும் வலது ஓரம் வரை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழும், சிலருடையது அப்பாவின் கையெழுத்தில் ஒரு முறை குதிக்கும். அப்புறம் பாடநூல் படத்தைத் திறந்து, இதை வரைந்தவர் எந்த மாதிரிக் கதையை மனத்தில் வைத்து வரைந்திருப்பார் என்று கேளுங்கள், ஐந்து அங்க நாடகத்தைப் பற்றி அப்போது சொல்லுங்கள். அதோடு, தேர்வில் படம் கேட்டால் பாடநூலில் இருப்பதையே வரைந்து ஆறு பெயரையும் எழுதிவிட்டு வாருங்கள் என்றும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஆறு பெயரை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும், அதற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை.